வெப்சைட்டில் நூர்ஜஹானின் நம்பர்

செவ்வாய். கர்க்கடகம், அதாவது மலையாளத்து ஆடி, முடிய இன்னும் மூன்று நாள்.

மாதம் பிறந்தால் கல்யாணங்கள் தொடங்கிவிடும். அதற்குள் என் ஆரி வேலை ரவிக்கைகளை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் வெப்சைட் போட்டேன். அதைச் செய்துகொடுத்த திவ்யா சாயங்காலம் கூப்பிட்டாள்.

"அக்கா, சைட்ல இருக்கற நம்பர் உங்களுது இல்லீங்களே. பாலக்காட்டுல இருந்து எனக்குத் தெரிஞ்ச ஒரு கல்யாணப் பொண்ணு கூப்பிட்டதுக்கு வேற ஒருத்தங்க எடுத்தாங்களாம்."

அது நூர்ஜஹானின் நம்பர். பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து கடை வைத்திருந்தபோது ஆர்டர் எல்லாம் அவள் போனுக்குத்தான் வரும். திவ்யா தொடர்பு எண் கேட்டதும் என் கை பழக்கத்தில் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறது. நாங்கள் பேசி ஒன்றரை வருடமாகிறது. கடையைப் பிரித்த அன்று 'இனி உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்' என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

"ராங் நம்பர்னு வெச்சுட்டாளா?" என்றேன்.

"இல்லீங்கக்கா. உங்க நம்பரை மனப்பாடமாச் சொல்லி, 'கழுத்து வேலைன்னா அவகிட்டயே குடுங்க, அந்தக் கைவேலை வேற யாருக்கும் வராது'ன்னாங்களாம். நம்பரை மாத்தீரட்டுங்களா?"

"இருக்கட்டும் கண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

அவளைக் கூப்பிடலாமென்று போனை எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறேன். தைரியம் வரவில்லை. நம்பர் அப்படியே இருக்கட்டும். இன்னும் பத்துப் பேர் அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யட்டும். பொறுக்க முடியாமல் அவளே என்னைக் கூப்பிடுவாள். "ஏ புள்ள, உனக்குன்னு ஒரு நம்பர் இல்லையா?" என்று திட்டுவாள்.

திட்டட்டும்.