ஹெலிகாப்டரில் ஒரே ஓர் இடம்

இன்று காலை, யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தார். அந்த வாடை மாடியேறி வந்ததும் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டேன். ஹெலிகாப்டரின் வாடையும் அதுதான். இந்த ஊர் வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது.

நாம் இருவரும் ஒன்றாகத்தான் நர்ஸ் வேலையில் சேர்ந்தோம். பர்மாவின் வடகோடியில், புட்டாவோ ஊருக்கும் வடக்கே, பனிமலைக் கிராமத்து மருந்தகத்துக்கு ஆள் கேட்டபோது நீ என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாய். கோபத்தோடுதான் உன்னுடன் வந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. வயர்லெஸ்ஸில் நீ கெஞ்சவில்லை. "உயிரோட இருக்கா. இருட்டுறதுக்குள்ள வாங்க" என்று மட்டும் சொன்னாய். பிறகு சலைன் பைகள் உறைந்துவிடாதபடி அவற்றை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டாய்.

மேகம் சற்று விலகியபோது இராணுவ ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. அணைத்தால் அந்தக் குளிரில் மறுபடி கிளம்பாது என்று எஞ்சினை ஓடவிட்டபடியே விமானி எங்களைப் பார்த்துப் பர்மிய மொழியில் கத்தினார்: "சயாமா, தாயும் பிள்ளையும், கூட ஒரே ஒரு நர்ஸ். இந்த உயரத்துல அதுக்கு மேல தூக்காது."

பிரசவத்தில் கைதேர்ந்தவள் நீ. நீதான் போவாய் என்று நான் ஒதுங்கி நின்றேன். நீயோ சலைன் பைகளை அவிழ்த்து என் ஸ்வெட்டருக்குள் திணித்தாய்.

"ஏறுடி."

"நீ போ. எனக்குப் பயமா இருக்கு."

"நான் உன்னவிட கனம். அவ வயித்த அழுத்திப் புடி. இறங்குற வரைக்கும் கைய எடுக்காத."

"நீ எப்படி வருவ?"

"நடந்து வரேன்."

பிள்ளையை ஒரு சிப்பாய் தன் கோட்டுக்குள் பொத்திக்கொண்டான். என் கைகள் மரத்துப்போயின. எடுக்கவில்லை. தரையிறங்கியபோது அந்தத் தாய் கண்ணைத் திறந்து பிள்ளையைத் தேடினாள். இருவருமே பிழைத்தார்கள்.

மருந்து தீர்ந்துபோன அந்த மருந்தகத்தைப் பூட்டிவிட்டு, மூட்டை சுமப்பவர்களோடு பனியில் இறங்கி வந்து சேர்ந்தாய். இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அவற்றை வெட்டியெடுத்த அன்று உன் கட்டிலருகே நின்று அழுதேன். "அழுதது போதும். அந்தப் பொண்ணு சாப்பிடுறாளா?" என்று கேட்டாய்.

யாங்கோன் திரும்பிய பிறகும் அந்தக் காலோடுதான் தாகேதா பகுதி வீடுகளில் ஏறி இறங்கிப் பிரசவம் பார்த்தாய். போன மழைக்காலத்தில் சிறுநீரகம் கெட்டுப் படுத்த நீ எழவே இல்லை. "உன்ன அனுப்புனது சரிதான்டி" என்று கடைசியாக ஒருமுறை சொன்னாய். அதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. அதனால்தானோ என்னவோ, வடக்கே மறுபடி ஆள் கேட்கிறார்கள் என்றதும், இந்த முறை நானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்.

மகனுக்குப் பிடிக்கவில்லை.

"அவசரத்துக்கு ஹெலிகாப்டர் வரலன்னா என்னம்மா பண்ணுவ?"

"நடந்து இறங்குவேன்."

"அந்தப் பனியில யாரால நடக்க முடியும்?"

அவனுக்கு உன் பெயரைச் சொன்னேன்.