மீன் வாசம் பிடித்த வாட்ச்

அக்கா,

உங்கள் மகன் நேற்று என் ஸ்மார்ட் வாட்சைக் கொடுத்துவிட்டுப் போனான். "பீரோவுல இருந்துச்சுக்கா. உங்களுதுன்னு அம்மா சொல்லிகினே இருக்கும்" என்றான். பட்டையில் இன்னும் சங்கரா மீன் வாசம். கார்த்திகை மழையில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் மூன்று மாதமாகிறது. இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

தாறுமாறாகத் துடித்த நம் இருவரின் இதயத்துக்குள்ளும் ஒரே நாளில்தான் தொடை வழியாகக் குழாய் விட்டுச் சூடு வைத்தார்கள். காலை மடக்கக் கூடாது என்று அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். "புதுப்பட்டினத்துல நான் மீன மல்லாக்கப் போடுவேன். இங்க என்னியப் போட்டுட்டானுங்க" என்றீர்கள். சிரித்ததில் தொடைக் கட்டு இழுத்தது.

இரண்டு வாரம் கனம் தூக்காதே என்றார் டாக்டர். நான் ஆறு மாதம் என் மகளைத் தூக்கவில்லை. முதல் சில மாதங்கள் துடிப்பு அவ்வப்போது தவறலாம் என்று அவர் சொன்னது மட்டும் காதில் ஏறவேயில்லை. பரிசோதனைகள் சரியாக வந்தன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் துடிப்பு எண் ஏறினால் பயம். பயத்தில் இன்னும் ஏறும். மூன்று வயதுக்காரி "தூக்கு" என்று கேட்பதையே விட்டுவிட்டாள்.

அப்படி ஒரு நாள் உங்கள் மீன் கடைமுன் நாய் குரைத்ததும், அவள் உங்களிடம் ஓடிக் கைகளை உயர்த்தினாள்.

"இன்னாடி கண்ணு, அம்மா அங்க நிக்கிது, என்னாண்ட வர்ற?"

"அம்மாவுக்கு வலிக்கும்."

என் மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றி நீங்கள் கட்டிக்கொண்டீர்கள். "இத நான் பாத்துக்கிறேன். நீ கொயந்தயப் பாரு. எனக்கும் அதே வைத்தியந்தான? நான் ஐஸ் பொட்டி தூக்கல? மாத்திரைய மட்டும் வுட்றாத."

தூக்கினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளுடையதும்தான். எது யாருடையது என்று எண்ண முடியவில்லை.

அடுத்த வாரம் பெருமையாகச் சொன்னீர்கள்: "எட்டாயிரம் ஸ்டெப்பு நடந்தேனாம். எங்க வூட்டுக்காரரு ஒரு நாளாச்சும் எவ்ளோ நடந்தேன்னு கேட்டிருப்பாரா?" நான் வாட்சைத் திருப்பிக் கேட்கவேயில்லை.

அதை இன்னும் சார்ஜில் போடவில்லை. உள்ளே உங்கள் துடிப்பு எண்களாக இருக்கும். பார்க்க மனம் வரவில்லை, அக்கா.

மாத்திரையை விடவில்லை. இன்று மாலை மாமல்லபுரம் மணலில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். நல்ல கனம் இப்போது. "இறங்குறியா?" என்றேன்.

"மாட்டேன்" என்று கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.