கலங்கிய கசிவு

டிசம்பர் 11
மழை விடவில்லை. பாலசமுத்திரத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் எங்கள் மண் அணை நிரம்பிக்கொண்டே வருகிறது. உதவிப் பொறியாளராக வந்த பிறகு இவ்வளவு தண்ணீரை இப்போதுதான் பார்க்கிறேன். கீழே என் கூடப்பிறந்த வேல்ராஜ் அண்ணன் காட்டில் மக்காச்சோளம் கதிர் பிடித்து நிற்கிறது. "தண்ணிய வீணா விட்டுறாத பாப்பா" என்று போனில் சிரித்தார்.

டிசம்பர் 13
கரையடியில் கசிவு. மண் அணை என்றால் கசியத்தான் செய்யும். தெளிவாக வரும்வரை பயமில்லை.

டிசம்பர் 14
கலங்கி வருகிறது. பாட்டிலில் பிடித்து வைத்தேன், அடியில் மண் படிந்தது. கரை உள்ளுக்குள்ளேயே கரைகிறது.

கல் அணை தன் எடையால் தண்ணீரைத் தாங்கும். வளைவு அணை பாரத்தை இரண்டு பக்க மலைமேலும் தள்ளிவிடும். மண் அணைக்கு அகலமான உடம்பும் நடுவிலிருக்கும் களிமண்ணும்தான் பலம். அதிலேயே ஓட்டை விழுந்தால்?

கசியும் இடத்தில் மணலும் ஜல்லியும் கொட்டச் சொல்லிவிட்டேன். போதாது. நீர்மட்டம் இறங்கினால்தான் அழுத்தம் குறையும். ஷட்டரைத் திறந்தால் முதலில் மூழ்குவது அண்ணன் காடு. திறக்காவிட்டால் — ஊர்.

"நேர்ல பாக்குறது நீங்க தமயந்தி. திறக்கணும்னா திறங்க" என்றார் மேலதிகாரி.

அண்ணனுக்கு நானே சொன்னேன்.

"ரெண்டு நாள் பொறு பாப்பா. மழை விட்டுரும்."

"விடலேன்னா அண்ணே?"

போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் 15
தாழ்வான தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டுத் திறந்துவிட்டேன்.

டிசம்பர் 19
கசிவு தெளிந்துவிட்டது. ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திறந்த மறுநாளே மழையும் விட்டுவிட்டது.

அண்ணன் காட்டுக்குப் போனேன். கதிரெல்லாம் சேத்துல படுத்துக் கெடக்கு. "அணை நின்னுருச்சுல்ல? போயி அதைப் பாரு" என்றார். அதட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

ஜனவரி 6
கரையைத் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளே கை நுழையும் பொந்து. பொறுத்திருந்தால் நின்றிருக்குமா, உடைந்திருக்குமா? வந்த நிபுணர்களாலும் சொல்ல முடியவில்லை. அண்ணனிடம் நான் என்ன சொல்ல?

ஜனவரி 13
பொங்கல் சீர் வந்தது. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, சேலை. எதிலும் குறையில்லை. கல்யாணமானதிலிருந்து அண்ணன்தான் தூக்கிக்கொண்டு வருவார், சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். இன்று ஆட்டோக்காரர் இறக்கி வைத்தார்.

"அண்ணன் வரலீங்களா?"

"சோலி கெடக்குன்னு சொல்லச் சொன்னாருங்க."

காட்டில் ஒரு பயிர்கூட இல்லை. என்ன சோலி?

அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைத்திருந்தேன்.