நான் போட்ட கையெழுத்து

பொகவந்தலாவை,
வைகாசி, 1958.

அன்புள்ள ஆத்தாவுக்கு, மகள் பூரணி கும்பிட்டு எழுதுறது. நீங்களும் ஐயாவும் சொகமா இருக்கணும். ஒங்க முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?

போன வருஷம் என் இடது மார்புல கட்டின்னு அறுத்து எடுத்தாங்களே, அது இப்ப கக்கத்துல திரும்ப வந்திருக்கு. பயப்படாதீங்க, வலி பெருசா இல்ல. கருப்பைக்குப் பக்கத்துல சூல்பைன்னு ரெண்டு இருக்காம். அதுல ஊறுற சுரப்புதான் கட்டிக்குத் தீனியாம். அதை எடுத்துட்டா கட்டி சுருங்கலாம்னு கண்டியில டாக்டரய்யா சொன்னாரு.

"எடுத்தா புள்ள பொறக்குமாங்க?"ன்னு கேட்டேன்.

"பொறக்காதும்மா. எடுக்காட்டி நீயே இருக்க மாட்டே."

"எடுத்தா இருப்பேனா?"

"கொஞ்ச நாள் கூட இருக்கலாம்"னுட்டு கீழ பாத்தாரு. ஒங்க மருமகன் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. நான் கையெழுத்துப் போட்டேன்.

எனக்குச் சக்கரை வியாதியும் இருக்காம். அது எறங்கினாத்தான் அறுப்பாங்களாம். தெனமும் ஊசி போட்டும் எறங்கல. காஞ்ச ஆவாரம்பூ கொஞ்சம் அனுப்புங்க, இந்த மலையில கெடைக்கல. ரவுக்கை தழும்புல ஒரசுது, பழைய நூல் சேலை ஒண்ணும் வேணும். நீங்க கட்டுன சேலையாப் பாத்து, தொவைக்காமயே அனுப்புங்க.

வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிச்சிட்டாங்க. வலது கையாலயே தேயிலைக் கொழுந்து எடுக்குறதால மெதுவாத்தான் ஆகுது, சீக்கிரம் போகணும்.

ஆத்தா, மாரியம்மன் கோயில் மரத்துல வருஷா வருஷம் எனக்காகத் தொட்டில் கட்டுவீங்களே, இந்த ஆடிக்குக் கட்ட வேணாம்.

ஒங்க மகள்,
பூரணி