வீடு வீடாக எண்ணிய தொண்ணூற்றொன்று

ஜூன் 3

என் பிடிவாதக்காரத் தங்கைக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை. அதனால் நம் வழக்கப்படி, பள்ளிகளுக்குப் போகும் நகரமன்றத் தபால் பையிலேயே இதைப் போடுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் படிவம் என் மேசைக்கு வந்தது. தொற்றுநோயால் ஒன்றரை வருடம் மூடிக் கிடந்த பள்ளி திறக்கும்போது எத்தனை பிள்ளைகள் திரும்புவார்கள் என்று கேட்டால், தலைமையாசிரியை அம்மாளான நீ 91 என்று எழுதியிருக்கிறாய். பதிவேட்டில் 137 இருக்கிறதே! நூறுக்குக் குறைந்தால் கம்ப்யூட்டர் நிதி கிடையாது, பள்ளியையே பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று சுற்றறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் படிக்கவில்லையா? அதைத் தட்டச்சு செய்தவளே நான்தான்!

மற்றவர்கள் எல்லாரும் பதிவேட்டைப் பார்த்து எழுதிவிட்டார்கள். நீயும் 137 என்று புதுப் படிவம் அனுப்பு. பழையதை நான் கிழித்துவிடுகிறேன். நகரமன்றக் கூட்டம் பதினேழாம் தேதி.

உன் நல்லதுக்கே கத்தும்
அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி கிடையாது. நன்றாக இருக்கிறேன், கால் மட்டும் வீங்கியிருக்கிறது. வீங்காமல் என்ன செய்யும்? படிவம் எழுதுவதற்கு முன் மூன்று வாரம், 137 வீட்டுப் படியும் ஏறி இறங்கினேன்.

பத்தொன்பது பிள்ளைகள் குடும்பத்தோடு ஊர் மாறிவிட்டார்கள். பதினாறு பேர் வேலைக்குப் போகிறார்கள். ஏழாம் வகுப்பு வாயாடியை உனக்கு ஞாபகம் இருக்கும், அவள் தையல் கடையில் பொத்தான் தைக்கிறாள். "டீச்சர், தம்பியக் கடையிலயே பக்கத்துல வச்சு நான்தான் பாத்துக்கறேன். நான் பள்ளிக்கூடம் வந்தா அவன யாரு பாத்துப்பாங்க?" என்று என்னையே கேட்டாள். மீதிப் பதினொரு வீட்டில் "பாக்கலாம்" என்றார்கள். அந்தப் 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா!

137 என்று எழுதினால் இந்த நாற்பத்தாறு பேரும் வகுப்பில் இருப்பதாக ஆகிவிடும். வகுப்பில் இருக்கிற பிள்ளையை யார் தேடிப் போவார்கள் அக்கா?

யார் யார், என்ன காரணம் என்று எழுதிய நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். கோப்போடு சேர்த்துக் கட்டு. பள்ளி போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 91தான்.

உன்
சின்னவள்

ஜூன் 18

சின்னவளுக்கு,

நேற்று நடந்ததை அடுத்தவர் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

உன் நோட்டைக் கோப்பில் கட்டினேன். பக்க அடையாளத்துக்கு என் கடிதத்தையே அதில் சொருகி வைத்திருந்தாயே, மகராசி! நான் கவனிக்கவில்லை. பாத்திரக் கடைக்கார உறுப்பினர் நோட்டைப் பிரித்தார், கடிதம் விழுந்தது. 'பழையதை நான் கிழித்துவிடுகிறேன்' என்பதை ராகம் போட்டு இரண்டு தடவை வாசித்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?" என்றார் தலைவர்.

எழுந்து நின்றேன். "என் கையெழுத்துதாங்க. நான் செஞ்சது தப்புதாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கூடப் பிறந்த அக்கா, அதுவும் இந்தப் படிவங்கள வாங்குற பிரிவுலயே இருக்கிறவ, பள்ளிக்கூடமே போயிடும்னு மிரட்டியும் அவ அந்த நம்பர மாத்தல. இங்க வந்திருக்கிற வேற எந்தப் படிவத்துக்காவது இப்படி ஒரு சாட்சி இருக்கா?"

தலைவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். தையல் கடைப் பெண் வந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். எல்லாப் பள்ளிகளும் வீடு வீடாகப் போய் எண்ண வேண்டும், நூறு என்ற விதி ரத்து என்று தீர்மானம். உன் பள்ளி இருக்கும். கம்ப்யூட்டரும் வரும்.

எனக்கு மெமோ. திட்டப் பிரிவிலிருந்து குடிநீர்ப் புகார் மேசைக்கு மாற்றம். பதினெட்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி. அழுதேன், சொல்வதற்கென்ன.

அக்கா

ஆகஸ்ட் 12

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவது இது. நோட்டைச் சரிபார்க்கும்போது கைக்கு அகப்பட்ட காகிதத்தைச் சொருகினேன். அது உன் கடிதம் என்றுகூடப் பார்க்கவில்லை. பாவி நான்.

நேற்றுப் பள்ளி திறந்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டர். ஒருத்தி பாவாடை நுனியால் திரையைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நோட்டைப் படித்த மன்றம் குழந்தைகள் காப்பகத்தைச் சாயங்காலம்வரை திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறது. தம்பியை அங்கே விட்டுவிட்டு வாயாடியும் வந்துவிட்டாள், வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. அவளையும் சேர்த்து நோட்டிலிருந்த எட்டுப் பேர் திரும்பிவிட்டார்கள், மொத்தம் தொண்ணூற்றொன்பது பேர். பழைய விதி இருந்திருந்தால் ஒரே ஒரு பிள்ளை குறைந்ததால் பள்ளி போயிருக்கும்!

உன் நாற்காலியைத் திருப்பித் தரச் சொல்லித் தலைவருக்கு மனு எழுதப் போகிறேன். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுது.

உன்
சின்னவள்

ஆகஸ்ட் 18

அடியே,

மனுவாம் மனு! எழுதிப் பார், தெரியும் சேதி. தப்புச் செய்தேன், அனுபவிக்கிறேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். பாதி உன் மேல், பாதி என் மேல். அது ஆறுவதற்குத்தான் இரண்டு மாதம்.

நேற்று ஒரு பெண், மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான் வருகிறது என்று காச்சுமூச்சென்று கத்தினாள். எங்கள் பியூன் அவளிடம் ஏதோ முணுமுணுத்தார். சட்டென்று குரல் இறங்கிவிட்டது. "நீங்க அந்த டீச்சரோட அக்காவா? எம் பொண்ணத் தேடி நாலு தடவை வீட்டுக்கு வந்தாங்களே, அவங்களா?" என்றாள்.

இத்தனை வருடமாக இந்த அலுவலகத்தில் உன்னைத் 'திட்டப் பிரிவு அம்மாவோட தங்கச்சி' என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நேற்று நான் "ஆமா" என்று சொன்னது வாசல்வரை கேட்டதாம், பியூன் சிரிக்கிறார். கேட்கட்டுமே. அவள் குழாய்க்கு அப்போதே ஆள் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நல்லதாக ஏதாவது சமைத்து வை.

இப்படிக்கு,
டீச்சரோட அக்கா