சனிக்கிழமை மூடியிருந்த காவல் நிலையம்

அக்டோபர் 17

காலையிலிருந்து மழை. போதகர் ஹைக்கே அம்மா கொண்டுவந்த உருளைக்கிழங்கு சூப்பில் காய்ந்த புதினாவும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் தூவினேன். மகள் தரானா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"இது ஜெர்மன் சூப்பா, நம்ம ஊர் ஹெராத் சூப்பா?"

"தேவாலய சூப்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

பன்னிரண்டு வயதுப் பெண் நாள் முழுக்க எங்கேதான் நடப்பாள்? போதகர் வீட்டு மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. கீழே சமையலறை, பின்னால் தோட்டம், அதை ஒட்டித் தேவாலயம். அவ்வளவுதான் எங்கள் உலகம். கேட்டுக்கு அந்தப் பக்கம் காலை வைக்கக் கூடாது. இந்தப் பக்கம் போலீஸ் வராது. வரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லையாம், ஒரு மரியாதைதான் என்கிறார் ஹைக்கே. அந்த மரியாதையை நம்பித்தான் தினமும் கண்ணை மூடுகிறோம்.

அக்டோபர் 22

சமீம் போனில் பேசினார். பல்கேரியாவில் அதே பூட்டிய முகாம். முதுகுவலி குறைந்திருக்கிறதாம். குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை.

ஒவ்வொரு முறையும் அதையே கேட்கிறார்: "நீலாப், உங்களை நிச்சயமா இங்க அனுப்ப மாட்டாங்கல்ல?" நானும் வானொலியில் செய்தி வாசித்த காலம்போல நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். மூவரும் அகதிகளாக முதலில் கைரேகை வைத்தது பல்கேரியாவில். அதனால் எங்களை அங்கேயே திருப்பி அனுப்ப இங்கே உத்தரவு. மார்ச் முடிவதற்குள் அனுப்ப முடியாமல் போனால் எங்கள் வழக்கை ஜெர்மனியே விசாரித்தாக வேண்டும். அதுவரை தேவாலயம்.

"நல்லது, நல்லது" என்கிறார். தன் மனைவியும் மகளும் தன்னிடம் வந்துவிடக் கூடாதே என்று ஒரு மனிதர் கவலைப்படுகிறார். இதை எந்தச் செய்தியில் வாசிப்பது?

லாரியில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்று எல்லை தாண்டவைக்கும் ஆள் சொன்னபோது சமீம் யோசிக்கக்கூட இல்லை. "நீங்க போங்க, நான் அடுத்த வாரம் வந்துடறேன்." அந்த அடுத்த வாரம் செர்பிய எல்லையில் அவரைப் பிடித்து முகாமிலேயே திரும்ப அடைத்துவிட்டார்கள்.

நவம்பர் 5

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் லுட்கே ஐயா இன்று எங்கள் அறை ஹீட்டரைச் சரிசெய்ய வந்தார். எழுபது இருக்கும். முகத்தில் எப்போதும் புளித்த பால் குடித்தவர் மாதிரி ஒரு சுளிப்பு. என் ஜெர்மன் இன்னும் தட்டுத்தடுமாறுகிறது. தரானாதான் மொழிபெயர்த்தாள், பாதியில் அவள் முகம் மாறிவிட்டது.

"என்ன சொல்றார்?"

"சபைக் கூட்டத்துல நம்மளை இங்க வைக்கலாமான்னு கேட்டப்ப, வேணாம்னு கை தூக்கினது இவர்தானாம். நமக்கு அது தெரிஞ்சிருக்கணுமாம்."

ஹீட்டரைத் தட்டிக்கொண்டே அவர் மேலும் ஏதோ முனகினார்.

"இன்னொரு தடவை கேட்டாலும் அப்படித்தான் கை தூக்குவாராம். ஆனா குளிர்ல யாரும் விறைக்கக் கூடாதாம்."

ஹீட்டர் சூடாயிற்று. அவர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், அவரிடம் இனி எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

நவம்பர் 6

அறை இதமாக இருக்கிறது. தரானா மதியம் வரை தூங்கினாள்.

நவம்பர் 27

மனசு சரியில்லை.

ஜன்னல் வழியாகப் பள்ளிப் பிள்ளைகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த தரானா, திரும்பாமலே கேட்டாள்: "அம்மா, ஹைக்கே நல்லவங்கதானே?"

"ரொம்ப நல்லவங்க."

"சூப் கொண்டுவர்ற அம்மாங்க எல்லாரும்?"

"அவங்களும்தான்."

"அப்ப இத்தனை நல்லவங்களும் சேர்ந்து நாம அப்பாகிட்ட போயிடாம பாத்துக்கறாங்க. இல்லையா?"

கெட்டிக்காரிப் பெண்ணைப் பெற்றால் இதுதான். வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். வெங்காயம் எதற்கு? இன்று சமைக்க ஒன்றும் இல்லை.

டிசம்பர் 12

தேவாலயத்தில் யாரும் இல்லாத மத்தியான நேரம். என் குரல் எனக்கே மறந்துகொண்டு வருகிறது — ஹெராத்தில் இந்தக் குரலைக் கேட்டுத்தானே தெருவில் என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள்? பெண் குரல் வானொலியில் வரக் கூடாது என்று சொல்லி என்னை வெளியே அனுப்பிய நாளிலிருந்து சத்தமாக எதையும் வாசிக்கவில்லை. இன்று பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். தாளில்லை, நினைவிலிருந்துதான். தலைப்புச் செய்திகள், கோதுமை விலை, சாலை நிலவரம், எல்லாம். அந்தக் கல்கூரை என் குரலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. கண் கலங்கிவிட்டது.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். லுட்கே ஐயா, கையில் துடைப்பம்.

"ஒண்ணும் புரியலை. ஆனா கடைசியில சொன்னது வானிலைதானே?"

வானிலைதான். மலைப்பகுதிகளில் பனிப்பொழிவு.

"வானிலையை எந்த மொழியில சொன்னாலும் பொய்தான்" என்றுவிட்டுப் பெருக்க ஆரம்பித்தார்.

டிசம்பர் 24

கீழே பாட்டு. எங்களையும் கூப்பிட்டார்கள். மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பின்னால் நின்றோம். ஒரு கிழவி தரானாவின் கன்னத்தைக் கிள்ளினாள். இடம் கிடைக்காமல் தொழுவத்தில் தங்கிய குடும்பத்தைப் பற்றி ஹைக்கே பேசினார். சிலர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எந்தக் கதையிலும் வர விரும்பவில்லை. ஒரு வாடகை வீடு போதும்.

ஜனவரி 19

தரானா போனைப் பிடுங்கி நேராகக் கேட்டுவிட்டாள். "அப்பா, நான் அங்க வரட்டுமா?"

ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் யாரோ இரும்புக் கதவைச் சாத்தும் ஓசை மட்டும் கேட்டது.

"வேணாம்டா கண்ணு."

"உங்களுக்கு என்னைப் பாக்கணும்னு இல்லையா?"

"வேணாம்னு சொன்னேன்ல!" கத்திவிட்டார். சமீம் அவளிடம் கத்தி நான் கேட்டதே இல்லை. ஹெராத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் குழந்தைகள் ஃபிரேமை உடைத்தால்கூட "கண்ணுல படலையே, சந்தோஷம்" என்று சிரிக்கிற மனிதர்.

அவள் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜனவரி 27

இன்னும் அவரோடு பேசமாட்டேன் என்கிறாள். என்னோடும் அளவாகத்தான்.

பிப்ரவரி 17

 இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தரானா தோட்டத்தில் இருந்தாள். துணி எடுக்கப் போனபோது இல்லை. தேவாலயத்தில் இல்லை. மணிக்கூண்டுப் படியில் இல்லை. அவளுடைய கோட்டும் இல்லை. கேட் பூட்டாமல் சாத்தியிருந்தது.

ஹைக்கே வெளியூர் போயிருந்தார். லுட்கே ஐயா வேலியில் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். "தரானா — இல்லை" என்றேன். அந்த நேரத்தில் அதற்கு மேல் ஜெர்மன் வரவில்லை. கத்தரியைக் கீழே போட்டார்.

"நீங்க இங்கேயே நில்லுங்க. வெளிய வந்தீங்கன்னா இத்தனை மாசமும் வீண். நான் போறேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் போனார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரும்பு ஐஸ் மாதிரி இருந்தது. ஒரு அடி. ஒரே ஒரு அடிதானே? என் பிள்ளை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் இது. எனக்கு என்ன கெடு, என்ன வழக்கு — போய்விட்டேன். செருப்போடு, தலையில் துணிகூட இல்லாமல்.

ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து மனப்பாடமான தெரு, உள்ளே நடந்தால் வேறு தெரு. ரொட்டிக்கடை. மூடிய பூக்கடை. நாயோடு ஒருவர், "வணக்கம்" என்றார். நானும் சொன்னேன். ஒவ்வொரு காரும் போலீஸ் கார் மாதிரி இருந்தது. தரானா எங்கே போவாள்? பள்ளிக்கூடமா? அங்கே யாருமில்லை. கடைத்தெருவில் திரும்பியதும் நீல எழுத்துப் பலகையைப் பார்த்தேன். போலீஸ். நின்றுவிட்டேன்.

அதன் வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

நான் ஓடிப்போனேன். அடிக்கத்தான் போனேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் போனதும் கட்டிக்கொண்டேன்.

"பெல் அடிச்சேன். யாரும் வரலைம்மா" என்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"இங்க எதுக்கு வந்தே?"

"என்னைப் பிடிச்சா அப்பாகிட்ட அனுப்பிடுவாங்கல்ல. நீ இங்கேயே இருந்துக்கலாம். உனக்குத்தானே இந்த ஊர் வேணும்."

உனக்குத்தானே.

அந்தப் படியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த இடத்துக்குப் பயந்து இத்தனை மாதம் உள்ளேயே கிடந்தேனோ, அதே இடத்தின் வாசலில். சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அந்த முகாம்ல நான் ராத்திரியெல்லாம் உன் கட்டில்ல உட்கார்ந்தே இருந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"உனக்குத் தூக்கம் வராதுன்னு சொன்னே."

"தூக்கம் நல்லா வரும் எனக்கு. ஒரு காவல்காரன் இருந்தான். விளக்கு அணைஞ்சதும் பெண்கள் பக்கத்துத் திரைகிட்ட வந்து நிப்பான். உன் கட்டில்தான் திரைக்குப் பக்கத்துல. உங்க அப்பா போய்க் கேட்டார். அதுக்கப்புறம்தான் அவருக்கு முதுகுவலி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்தாள். பெரியவளாகிவிட்ட மாதிரியும், நான்கு வயதுக் குழந்தை மாதிரியும் இருந்தாள்.

"கீழ விழுந்துட்டேன்னு அப்பா சொன்னார்" என்றாள்.

"ஆமா. அப்படித்தான் சொன்னார்."

"அதான் கத்தினாரா அன்னைக்கு?"

தலையசைத்தேன்.  போலீஸ் வந்திருந்தாலும் அப்படியே உட்கார்ந்திருப்போம். யாரும் வரவில்லை.

லுட்கே ஐயாதான் வந்தார், மூச்சிரைக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. எங்களையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சனிக்கிழமை மூடியிருக்கும்" என்றார். "செவ்வாயும் வியாழனும்தான் ஆள் வருவான், அதுவும் மத்தியானம் வரைக்கும். இந்த ஊர்ல பிடிபடணும்னாகூட முன்னாடியே நேரம் கேட்டு வாங்கணும்."

தரானா அதை எனக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது. அவர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். கம்பளித் தொப்பி, புகையிலை வாசனை. ஒருபக்கம் அவர், ஒருபக்கம் நான், நடுவில் அவள். கடைத்தெரு வழியாகவே நடந்து திரும்பினோம்.

கேட்டருகில் வந்ததும் சொன்னார்: "நான் எதையும் பாக்கலை. ஆனா என் கருத்து மாறலை."

"தெரியும்" என்றேன். ஜெர்மனில், தப்பில்லாமல்.

பிப்ரவரி 18

தரானா அவளாகவே அப்பாவுக்குப் போன் செய்தாள். நான் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே வரும்போது கடைசியாகக் கேட்டது: "முதுகு இப்ப எப்படிப்பா இருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

மார்ச் 29

கெடு நேற்றோடு முடிந்தது. வக்கீல் போனில் உறுதிப்படுத்தினார். ஹைக்கே கேட்டை அகலத் திறந்துவைத்து, கேக் சுட்டு, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "போங்க நீலாப், எங்க வேணும்னாலும் போங்க!"

நான் சமையலறையில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன். எங்கே போவது? தரானா மட்டும் தெருக்கோடி வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். திரும்ப ஓடினாள். ஏழெட்டுத் தடவை.

ஏப்ரல் 15

தரானா பள்ளிக்குப் போனாள். வீடு சும்மா இருந்தது. அவள் பென்சில் சீவிய தூளைக் கூட்டி அள்ளினேன்.

செப்டம்பர் 4

விசாரணை அதிகாரி முன்னால் நாள் முழுக்கப் பேசினேன். மொழிபெயர்த்த பெண் காபூல்காரி. வானொலி வேலையிலிருந்து முகாமில் திரைக்கு அந்தப் பக்கம் நின்றவன் வரை எல்லாம். இடையில் அதிகாரி ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். என்ன முடிவு செய்வார் என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில்தான் உடைந்தது.

நவம்பர் 21

இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் இருவருக்கும்.

தரானா முதலில் கேட்டது: "அப்ப அப்பா?" கூப்பிட வழி இருக்கிறது என்கிறார் வக்கீல். அங்கே அவருடைய வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பதே இப்போது நல்லதாகப் போயிற்றாம், முடிந்திருந்தால் இங்கே கூப்பிட முடியாதாம். அந்த வழக்கை எத்தனை நாள் சபித்திருப்பேன்!

லுட்கே ஐயாவிடம் சொன்னேன், வாடகை வீட்டுக்குப் போகப்போவதையும். "ம்" என்றார். பிறகு, "மாடி அறையில ஹீட்டர் இன்னொண்ணு பழுதா இருக்கு, புது வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லியிருக்கலாம்ல" என்று கோபித்துக்கொண்டார்.

மே 11

ஞாயிற்றுக்கிழமை. சமீம் வந்து ஒரு வாரம். வீட்டில் ரொட்டி தீர்ந்துவிட்டது. காலையிலேயே மூவரும் கிளம்பினோம். ஊர் முழுக்க இன்னும் எழுந்திருக்கவில்லை. சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு வண்டி கிடையாது. சமீம் பேசிக்கொண்டே சாலையில் இறங்கினார். தரானா சட்டென்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, சிவப்பு எரியுது. நில்லுங்க."

"யாருமே இல்லையேடா."

"அதனால என்ன? நில்லுங்க."

இருட்டில் காட்டையும் ஆற்றையும் எல்லையையும் தாண்டி வந்த மனிதர் அந்தக் காலிச் சாலையின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். அவசரமில்லை. பச்சை வந்ததும் போனோம்.