காணவில்லை என்று அடித்த பேனர்

அன்பு மகள் நந்தினிக்கு,

நைனா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க நம் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பேனர் விஷயத்தில் அம்மா போனில் சொன்னதை அப்படியே நம்பாதே. நான் வாயைத் திறப்பதற்குள் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

மறதி நோயில் போனவர்கள் பேரில் உங்கள் ஊரில் குடும்பமாக நடந்து நிதி சேர்க்கிறார்கள் என்று நீ சொல்லித்தானே உன் பெரியப்பா பேரில் இதைத் தொடங்கினோம். இது மூன்றாவது வருஷம். இதுவரை சேர்ந்த நிதியில் மறதிக்காரர்களுக்கு நம் போன் நம்பர் பொறித்த கைவளையம் வாங்கி வைத்திருந்தோம். பொன்னேரி பிரஸ்காரரிடம், போன தடவை போட்டோமே, அதே படத்தைப் போட்டு பேனர் அடியுங்கள் என்றேன். முதல் இரண்டு நடைக்கும் பேனரே கிடையாது. அவரிடம் நாங்கள் போன தடவை அடித்தது நடைக்கு இல்லை, அண்ணன் இரண்டு நாள் காணாமல் போய், எளாவூர் செக்போஸ்டில் லாரிகளை நிறுத்திக்கொண்டிருந்தாரே, அப்போது தேடிய நோட்டீஸ். மனுஷர் அதையே பெரிதாக்கி, மேலே காணவில்லை, கீழே என் போன் நம்பர் என்று அடித்துக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்பது பேர் மஞ்சள் தொப்பி போட்டு நிற்கும்போதுதான் பிரித்தேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வேறு பேனருக்கு எங்கே போவது, அதையே பிடித்துக்கொண்டு நடந்தோம். மீன் விற்கிற பெண்கள் எல்லாம், இன்னா தேசப்பாண்ணே, செத்துப் போனவரை இப்போ தேடறீங்கன்னு ஒரே சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில் பேனரை ஏரியில் வீசியிருப்பேன்.

ஏரிப் பாலத்துக்கிட்டே பக்கத்துக் குப்பத்து லோகநாயகி ஓடிவந்து பேனரைப் பிடித்துக்கொண்டாள். எங்க வூட்டுக்காரரையும் காணோம், விடியக்காலையே போய்ட்டாருன்னு அழுகை. அவள் புருஷன் ராமனுக்கு இரண்டு மாதமாகவே ஞாபகம் சரியில்லையாம். வெளியே தெரிந்தால் கேவலம் என்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கிறாள். பாலத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். நடையாவது ஒன்றாவது, நாற்பது பேரும் சிதறித் தேடினோம். ஒரு மணி நேரம் கழித்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பொன்னேரி பஸ்ஸில் ராமனைப் பார்த்தேன். முன் சீட்டில் துண்டு, அடுத்ததில் செருப்பு, அதற்கடுத்ததில் சட்டை என்று போட்டு இடம் பிடித்துவிட்டு, வெற்று உடம்போடு உட்கார்ந்திருக்கிறார். கல்யாணத்துக்குப் போறோம், ஆளுங்க வர்றாங்கன்னு கண்டக்டரிடம் சண்டை. மஞ்சள் தொப்பிகளைப் பார்த்ததும், இன்னா இவ்ளோ லேட்டுன்னு எங்களைத்தான் திட்டினார்.

லோகநாயகி கையைப் பிடித்து இழுக்கப் போனாள். உன் அம்மா தடுத்து, எல்லாரையும் பஸ்ஸில் ஏறி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தோம். அம்மா மாப்பிள்ளை யார் என்று விசாரித்தாள், கண்டக்டர் மணியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். கால் மணி நேரத்தில் ராமனே எழுந்து, சாப்பாடு சுமார்தான், எறங்குங்கன்னு சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கினார். முதல் வளையத்தை அவர் கையில்தான் போட்டோம். கல்யாண வீட்டு மொய் என்று நினைத்துக்கொண்டார்.

அம்மா அண்ணனிடமும் அப்படித்தான் இருந்தாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன், தெருவில் வைத்துக் கத்தினேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

பேனரை யாரோ படம் பிடித்து வாட்ஸப்பில் விட்டிருக்கிறார்கள், போன் ஓயவில்லை. நேற்று மீஞ்சூரிலிருந்து ஒருவர், உங்க ஆளு இங்க ஸ்டேஷன்ல டீ குடிச்சிட்டிருக்காருன்னார். அண்ணன் போய்ச் சேர்ந்ததை நான் சொல்லவில்லை. நல்லா இருக்காரான்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்காருன்னார். டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடச் சொல்லுங்கன்னு சொல்லி வைத்தேன்.

நம்பரை மாற்று என்கிறாள் அம்மா. மாற்ற மாட்டேன். அடுத்த வருஷமும் இதே பேனர்தான். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை பார்க்கிற இடத்தில் வயசானவர்களை அவசரப்படுத்தாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க எங்கள் இருவர் ஆசியும். வரும்போது முழங்கால் தைலத்தை மறக்காதே.

உன் நைனா,
தேசப்பன்